காய்ச்சல் போன பிறகு: மதுரை, 2006

2006-ல் மதுரைப் பக்கம் இருந்தவங்ககிட்ட சிக்குன்குனியா என்று சொன்னால் போதும், கை தானாக முழங்காலுக்குப் போகும். ‘சிக்கன் குனியா’ என்று காதில் விழுந்து கோழிக்கறியையே நிறுத்தினவங்க உண்டு. ‘குனியா’ மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாரும் குனிந்துதானே நடந்தோம்! 1952-ல் இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்ட தான்சானியாவின் மகொண்டே மொழியிலும் அந்தப் பெயருக்கு ‘வளைந்து போவது’ என்றுதான் அர்த்தம். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

நமக்கு இது புதுசில்லை. 1963-ல் கல்கத்தா, அடுத்த வருஷம் சென்னை, 1973-ல் மகாராஷ்டிரத்தில் பார்சி. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பெரிய அலை எதுவும் இல்லை. அதற்குள் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. 2005 கடைசியில் ஆப்பிரிக்க வம்சாவளி வைரஸ் வந்தது. 2006-ல் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் சந்தேகக் கணக்கில் சேர்ந்தார்கள்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் சிலர் ‘கண்ணு மங்குது’ என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். கண்ணின் நடுப்படலத்தில் அழற்சி, விழித்திரையில் அழற்சி, சிலருக்குப் பார்வை நரம்பிலேயே வீக்கம். அங்கிருந்த மருத்துவர்கள் லலிதா, ரத்தினம் முதலானோர் 2007-ல் இதைப் பற்றி ஆய்விதழில் எழுதினார்கள். தெற்கே இன்னும் சில மருத்துவர்களும் இதையே கண்டார்கள்.

காலக்கணக்கைப் பாருங்கள். சிலருக்குக் காய்ச்சலோடு சேர்ந்தே பார்வை போனது; அதில் வைரஸின் நேரடிக் கை இருக்கலாம். ஆனால் பலருக்குச் சில வாரம் கழித்து. ரத்தத்தில் வைரஸ் அடங்கின பிறகு வருகிற வீக்கம் என்றால், சந்தேகம் நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் மேலேயே விழுகிறது. திருடனை விரட்டக் கிளம்பின காவல்காரன், திருடன் போன பிறகும் வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்குகிற மாதிரி. அதனால்தான் அந்தக் காவலை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பலருக்குப் பார்வை திரும்பியது, சிலருக்கு முழுதாகத் திரும்பவில்லை.

அரசுக் கணக்கு காய்ச்சலை எண்ணியது. மாசக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்த மூட்டுகளை எண்ணவில்லை. அந்த மூட்டுவலியும் முடக்குவாதம் மாதிரியே இருக்கும், மருத்துவர்களே சில சமயம் பிரித்துச் சொல்லத் திணறுவார்கள்.

முடக்குவாதம் என்றதும் அரவிந்தை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி நினைவுக்கு வருகிறார். இளவயதில் அந்த நோய் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர். அவர் இறந்தது 2006 ஜூலை 7, இதே சிக்குன்குனியா வருஷம்.