லத்தீனில் பெண்பாலான தெலுங்குச் சொல்

அக்டோபர், நவம்பர் இரவுகளில் வடக்கேயிருந்து சிங்கப்பூருக்கு வந்திறங்கும் பறவைகளில் நீலச்சிறகு பிட்டாவும் ஒன்று. கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுபவற்றிலும் அது அடிக்கடி இருக்கும். பறவையியலாளர்கள் அதை எழுதிவைக்கும் பெயர் 'பிட்டா மொலுக்கென்சிஸ்'. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு வரும் தெலுங்கர் யாருக்கும் முதல் பாதிக்கு அகராதி வேண்டாம். பிட்ட என்றால் அவர்கள் மொழியில் பறவை.

அந்தச் சொல் ஏறிய துறைமுகம் சென்னை. ஜார்ஜ் கோட்டை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி, ஊர்ப் பறவைகளின் படங்களை உள்ளூர்ப் பெயர்களோடு லண்டன் மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார். ஜான் ரேயின் பறவை நூல், அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1713இல் வந்தபோது, பெட்டிவர் அவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அதில் ஒன்று 'பொன்னுங்கி பிட்டா'. நாம் ஆறுமணிக்குருவி என்கிறோமே, அதுதான்.

1766இல் லின்னேயஸ் இந்த வண்ணப் பறவையைக் காக்கைக் கூட்டத்தில் சேர்த்து 'கோர்வஸ் பிராக்கியூரஸ்', அதாவது குட்டைவால் காக்கை, என்றார். எந்தக் கோணத்தில் பார்த்தாரோ! பிரெஞ்சுக்காரர் வியேயோ 1816இல் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, பழைய தெலுங்குச் சொல்லையே பெயராக வைத்தார். மொழிபெயர்க்கவில்லை. ஆனால் லத்தீன் சும்மா விடுமா? கோர்வஸ் ஆண்பால், 'ஆ' என முடியும் பிட்டா பெண்பால். ஆகவே அடைமொழியும் 'பிராக்கியூரா' என மாறவேண்டியிருந்தது. தெலுங்கில் வெறும் அஃறிணையாக இருந்த சொல்லுக்கு ஐரோப்பாவில் பால் கிடைத்தது.

சிங்கப்பூருக்கு வரும் உறவினங்களின் அடைமொழிகள்தாம் வேடிக்கை. நீலச்சிறகுக்கு 1776இல் ஸ்டாட்டியஸ் மியூல்லர் மொலுக்காஸ் தீவுகளின் பெயரை வைத்தார். அது அங்கே வாழும் பறவையே அல்ல. பச்சை உடலும் கறுத்த தலையும் சிவந்த அடிவயிறுமாக வரும் இன்னொரு பிட்டாவுக்கு அவரே அதே ஆண்டில் கொடுத்த அடைமொழி 'சொர்டிடா'. பொருள்: அழுக்கானது. தவறென்று தெரிந்தும் எடுக்க முடியாது. முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. படித்தவர்கள் யோசித்து வைத்த அடைமொழிகள் பொருந்தவில்லை. சென்னையில் யாரோ வாய்மொழியாகச் சொன்ன பிட்ட மட்டும் எல்லாப் பிட்டாவுக்கும் பொருந்துகிறது.