பிறப்புறுப்பு ஹெர்பிஸும் மகப்பேறும்

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் என்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸால் ஏற்படும் ஒரு பால்வினை நோய் ஆகும். பிறப்புறுப்பிலும் அதனைச் சூழ்ந்த தோலிலும் கொப்புளங்களும் புண்களும் தோன்றுவது இதன் முதன்மை அறிகுறி. இந்நோய் உள்ள பெண்கள் கருத்தரிக்கவோ குழந்தை பெறவோ பொதுவாகத் தடை இல்லை. ஆயினும் மகப்பேற்றின்போது வைரஸ் குழந்தையைத் தொற்றினால் அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். இவ்வாபத்து அரிதானது, பெருமளவு தடுக்கக்கூடியதும் ஆகும். தாய்க்கு இந்நோய் உண்டு என்பதை மகப்பேறு பார்க்கும் மருத்துவர் முன்னரே அறிந்திருப்பது தடுப்பின் முதற்படி.

பெயர்

ஹெர்பிஸ் என்பது ஊர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அக்கி எனப்படுவது பெரும்பாலும் ஹெர்பிஸ் சோஸ்டர் என்னும் நோயைக் குறிக்கும். அது சின்னம்மையை உண்டாக்கும் வைரஸால் வருவது. இரண்டும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும் வேறு வேறு நோய்கள். அக்கிக்குக் காவி மண்ணைக் குழைத்துத் தோலில் எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இவ்வாறு எழுதுவதால் இவ்விரு வைரஸ்களும் அழிவதில்லை.

நோய்க்காரணி

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பிலும் நோயை உண்டாக்கும். முதல் வகை பிறப்புறுப்பையும் தொற்றலாம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020-ல் 15 முதல் 49 வயது வரை உள்ளோருள் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகைத் தொற்று இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் இருப்பதில்லை, அல்லது மிகக் குறைவாகவே இருக்கும்.

உடலில் புகுந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். அவ்வப்போது விழித்தெழுந்து மீண்டும் கொப்புளங்களை உண்டாக்கும். புண் இல்லாத நாட்களிலும் சிறிதளவு வைரஸ் தோலிலிருந்து வெளிப்படலாம். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே முதன்முறையாகப் புண் தோன்றுவதும் உண்டு. ஆகவே கருக்காலத்தில் முதன்முதலாகப் புண் கண்டால், அதனைக் கொண்டு கணவனோ மனைவியோ அண்மையில் தவறிழைத்தனர் என முடிவுசெய்ய இயலாது.

குழந்தைக்குத் தொற்றும் வழி

பெரும்பாலான தொற்று, குழந்தை பிறப்புவழியாக வரும்போது தாயின் புண்ணையோ கசிவையோ தொடுவதால் நிகழ்கிறது. கருப்பையினுள்ளேயே தொற்றுவது மிக அரிது. உலகளவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 10 குழந்தைகளுக்கு இந்நோய் ஏற்படுவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது.

ஆபத்தின் அளவு, தாய்க்குத் தொற்று எப்போது ஏற்பட்டது என்பதைப் பொறுத்தது.

பழைய தொற்று: கருத்தரிக்கும் முன்பே நோய் இருந்த தாயின் குருதியில் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும். அவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து காக்கின்றன. மகப்பேற்றின்போது மீண்டும் புண் தோன்றினாலும் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 3-க்கு மேற்படுவதில்லை.

புதிய தொற்று: கருக்காலத்தின் இறுதி வாரங்களில் முதன்முறையாகத் தொற்றினால் எதிர்ப்பொருள் உருவாகிக் குழந்தையை அடையக் காலம் போதாது. அந்நிலையில் இயல்பாகப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 முதல் 50 வரை.

எனவே பல ஆண்டுகளாக இந்நோயோடு வாழும் பெண்ணைக் காட்டிலும், நோயே இல்லாதிருந்து எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் தொற்றுக்கு உள்ளாகும் பெண்ணின் குழந்தைக்கே ஆபத்து மிகுதி. கணவனுக்கு மட்டும் நோய் இருப்பின், கடைசி மூன்று மாதங்களில் உடலுறவைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். உதட்டில் புண் உள்ளபோது வாய்வழி உறவையும் தவிர்க்கவேண்டும்.

கருக்கால மருத்துவம்

அசைக்ளோவிர் என்னும் மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது, முற்றிலும் அழிப்பதில்லை. கருவுற்ற பெண்களிடம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டு வரும் இம்மருந்தால் பிறவிக் குறைபாடுகள் மிகுவதாகக் காணப்படவில்லை. முன்பே நோய் உள்ளவர்களுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு மூன்று முறையாக 36-ஆம் வாரம் முதல் மகப்பேறு வரை தரப்படுவது வழக்கம். பிரித்தானியாவின் 2024 வழிகாட்டுதல் இதனை 32-ஆம் வாரத்திலேயே தொடங்கப் பரிந்துரைக்கிறது. இதனால் மகப்பேற்று நாளில் புண் இருக்கும் வாய்ப்பும், அதன் காரணமான அறுவைச் சிகிச்சையும் குறைகின்றன. மருந்தின் அளவையும் தொடங்கும் நாளையும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மகப்பேறு

வலி தொடங்கியதும் மருத்துவர் பிறப்புறுப்பை ஆராய்ந்து, புண் உள்ளதா எனப் பார்ப்பார். எரிச்சல், குறுகுறுப்பு போன்ற முன்னறிகுறிகளையும் கேட்டறிவார். இவை ஏதுமில்லையெனில் இயல்பான மகப்பேறே போதுமானது. இந்நோய் உண்டு என்பதற்காக மட்டும் அறுவைப் பிரசவம் தேவையில்லை.

கடைசி ஆறு வாரங்களுக்குள் முதல் தொற்று ஏற்பட்டிருப்பின் அறுவைப் பிரசவம் பரிந்துரைக்கப்படுகிறது. மீண்டும் தோன்றிய பழைய நோயின் புண் இருக்கும்போது வழிகாட்டுதல்கள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் அறுவைப் பிரசவம் அறிவுறுத்தப்படுகிறது. பிரித்தானியாவில் ஆபத்தை விளக்கித் தாயின் விருப்பத்திற்கு விடப்படுகிறது. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மகப்பேற்றின்போது வைரஸ் வெளிப்பட்ட தாய்மாருள், அறுவைப் பிரசவத்தில் நூற்றுக்கு 1.2 குழந்தைகளுக்கும் இயல்பான பிரசவத்தில் நூற்றுக்கு 7.7 குழந்தைகளுக்கும் தொற்று ஏற்பட்டது. பனிக்குடம் உடைந்தபின் காலம் கடந்தால் வைரஸ் மேலேறக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

பிறந்த குழந்தை

நோய் பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் வெளிப்படும். இது மூவகைப்படும்: தோல், கண், வாய் ஆகியவற்றை மட்டும் தாக்குவது, மூளையைத் தாக்குவது, கல்லீரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் பரவுவது. பரவிய வகையில் மருந்தின்றி நூற்றுக்கு 85 குழந்தைகள் வரை இறந்தனர். சிரைவழி அசைக்ளோவிர் தரப்பட்டபோது அது சுமார் 30 ஆகக் குறைந்தது. சிகிச்சை 14 அல்லது 21 நாட்கள் நீடிக்கும். பால் குடிக்க மறுத்தல், சோர்வு, காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், வலிப்பு, கொப்புளம் ஆகியவற்றுள் எது கண்டாலும் காத்திருத்தல் கூடாது. கொப்புளமே இல்லாமலும் இந்நோய் வரலாம்.

மார்பில் புண் இல்லையெனில் தாய்ப்பால் ஊட்டலாம். உதட்டில் கொப்புளம் உள்ள எவரும் குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்த குழந்தையின் நாவில் உறவினர் ஒருவர் சர்க்கரை நீரைத் தொட்டு வைக்கும் சேனை தொடுதலும் தவிர்க்கத்தக்கது. விரலிலும் ஹெர்பிஸ் புண் வருவதுண்டு.

தமிழ்நாட்டில்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 மகப்பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன, 44.9 அறுவைப் பிரசவங்கள். ஆகவே மகப்பேறு மருத்துவரை அடைவது இங்கு பெருந்தடை அன்று. நோயைச் சொல்லத் தயங்குவதே தடை. கருக்காலத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கு வழக்கமாகக் குருதி ஆய்வு செய்யப்படுகிறது. ஹெர்பிஸுக்கு அவ்வாறு செய்யப்படுவதில்லை. பெண் தானே சொன்னாலன்றி மருத்துவர் அறிய வழியில்லை.

முதல் பேற்றுக்கு, வளைகாப்பின்பின் பெண் தாய்வீடு செல்லும் வழக்கம் இதனைக் கடினமாக்குகிறது. மருந்து தொடங்கவேண்டிய வாரங்களில் மருத்துவர் மாறுகிறார். உடன் தாயோ அத்தையோ இருப்பதால் பெண் பேசத் தயங்குகிறாள். முந்தைய மருத்துவரிடம் குறிப்பு எழுதி வாங்கிச் செல்வதும், ஆய்வறையில் மருத்துவரிடம் தனியே பேச விரும்புவதாகக் கேட்பதும் பயன் தரும்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையங்கள் இலவசமாகச் சிகிச்சை அளிக்கின்றன. தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வண்ணப் பொதிகளுள் சிவப்புப் பொதி ஹெர்பிஸ் புண்ணுக்கானது. அதில் அசைக்ளோவிர் மாத்திரைகள் உள்ளன. 104 என்னும் எண்ணில் மருத்துவ ஆலோசனையும், 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியும் பெறலாம்.

திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதி

செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்தைச் சுற்றி வெளியூரினரும் வெளிநாட்டினரும் வாடகை வீடுகளில் மாதக்கணக்கில் தங்குகின்றனர். தம் வழக்கமான மருத்துவரை விட்டு வந்திருக்கும் கருவுற்ற பெண்களுக்கு மேற்கூறிய மருத்துவக் குறிப்பு இன்றியமையாதது. நகரில் 2013-ல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. ஆசிரமம் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் அமைந்திருப்பதால், முழுநிலவு நாட்களிலும் கார்த்திகை தீபத்தன்றும் மக்கள் பெருக்கால் ஊர்திகள் செல்வது அரிதாகும். பனிக்குடம் உடைந்தபின் தாமதம் கூடாது என்பதால், அந்நாட்களை ஒட்டிப் பேறுகாலம் வருவோர் முன்னதாகவே மருத்துவமனைக்கு அருகில் தங்குவது நன்று.

வரலாறு

வைரஸின் இரு வகைகள் 1960-களில் பிரித்தறியப்பட்டன. முன்பு, கடைசி வாரங்களில் வாரந்தோறும் வைரஸ் சோதனை செய்து, அதன்படி அறுவைப் பிரசவத்தை முடிவுசெய்யும் முறை அமெரிக்காவில் இருந்தது. அச்சோதனை மகப்பேற்று நாளின் நிலையை முன்னறிவிப்பதில்லை என 1986-ல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. அசைக்ளோவிரை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் முதன்மைப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவ நோபல் பரிசை மற்றிருவருடன் பகிர்ந்து பெற்றார்.