டிவி கேம் முதல் பிளேஸ்டேஷன் வரை

நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் மலிவு நகல்களே இந்திய நடுத்தர வீடுகளில் பரவலாகப் புகுந்த வீடியோ கேம்கள். 1990-களில் சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இவை ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்றன. ஒரே கேசட்டில் பல விளையாட்டுகள் என்பதே கவர்ச்சி. உறையில் 9999 என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் பிள்ளைகளுக்கு அது பெரும் செல்வம்.

அசல் கருவிகளுக்கு வரியே எதிரி. 80 விழுக்காடு இறக்குமதி வரியைச் சமாளிக்க, செகா 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் செய்தது. அப்படியும் அதன் மெகா டிரைவ் கருவியின் விலை 18,000 ரூபாய்.

பழவேற்காடு ஏரிக்கரை போன்ற மீனவர் குப்பங்களின் ஏழை வீடுகளில் தடை அதற்கும் முன்பே நின்றது: டிவியே இல்லை. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பரில் தொடங்கியது. அதே மாதம் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது, 19,990 ரூபாய் முதல். 2007 ஏப்ரலில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் விலை 39,990 ரூபாய். இரு கருவிகளும் நகரத்து வசதியானவர்களுக்காகவே மோதின. இந்தியாவுக்குப் பொருந்தியது விலை குறைந்த பிளேஸ்டேஷன் 2தான். இங்கேயே உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் அதற்கென்றே வெளியானது.

2016-இல் ஜியோவின் மலிவு டேட்டா வந்தபின் கரையோர இளைஞருக்குத் தனிக் கருவியே தேவைப்படவில்லை, கைப்பேசியே போதுமானதாயிற்று.