பழைய அஞ்சலட்டையில் ஒரு கரை

‘மட்டக்களப்புக் கடற்கரை’ என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்ற பழைய பட அஞ்சலட்டையொன்று நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். ஒரு நீர்ப்பரப்பு, தென்னஞ்சோலை, கரையில் இழுத்துவிடப்பட்ட இரண்டு தோணிகள். படத்தில் உள்ளவை இவ்வளவே. இஃது எந்த ஊரின் கரை? இக்கேள்விக்கு விடை காண முயல்வதும் வரலாற்று ஆராய்ச்சியே ஆகும்.

முதற்கண், அட்டையிலுள்ள பெயரை அப்படியே நம்பிவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய அட்டைகள் பல ஜெர்மனி முதலிய தூர நாடுகளில் அச்சாயின. பெயரைப் பொறித்தவரும் வண்ணம் தீட்டியவரும் பெரும்பாலும் அவ்விடத்தைக் கண்டவர் அல்லர். ஆகையால் நீலமும் பச்சையும் சான்றாகா. கோடுகளும் வடிவங்களுமே சான்றாகும்.

அடுத்து, அந்நீர் கடலா, வாவியா என்று துணிய வேண்டும். மட்டக்களப்பு வாவி கடலையொட்டி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். கதிரவன் எழும் திசையும் மறையும் திசையுமே இப்பெயர்களாயின. படத்தில் எதிர்க்கரையின் மரங்கள் தெரியுமானால், நீர் விளிம்பில் கண்டல் மரங்கள் நிற்குமானால், அது வாவி. அலை உடைந்து நுரைக்குமானால், கரைவலைக்குரிய பெருந்தோணி காணப்படுமானால், அது கடல். கடலின்மேல் கதிரவன் தாழ்ந்து நிற்கும் படத்துக்கு ‘அந்திக் காட்சி’ என்று பெயரிட்டிருப்பின், அப்பெயர் பிழையென உடனே கூறிவிடலாம். இங்கே கடல் கிழக்கில் அன்றோ இருக்கிறது!

மூன்றாவதாகக் கட்டடங்களை நோக்குக. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை புளியந்தீவில் வாவியோரத்தே நிற்பது. அதன் மதிலடியில் நீர் தெரிந்தால், அது வாவி நீரேயாம். முகத்துவாரத்தை அடுத்த பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் எழுந்தது. கல்லடி இரும்புப் பாலம் 1924இல் அமைந்தது. இவை படத்தில் இருந்தால், அவ்வாண்டுகளுக்குப் பிற்பட்ட படம் என்பது உறுதி. ஆனால் இல்லையென்பதைக் கொண்டு முற்பட்டது என முடிவு செய்தல் தகாது. ஒளிப்படக் கருவி வேறு திசையை நோக்கியிருக்கலாம்.

அட்டையின் பின்புறமும் பேசும். முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதும் வழக்கம் பிரித்தானியாவில் 1902இல் தான் அனுமதிக்கப்பட்டது. பிற நாடுகள் பின்னர் அதனைக் கைக்கொண்டன. அஞ்சல் முத்திரையோ அனுப்பிய நாளைக் காட்டுமேயன்றிப் படம் எடுத்த நாளைக் காட்டாது.

மணற்றிட்டின் வடிவத்தை மட்டும் நம்புவதும் தவறு. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறக்கும். வறட்சியில் மணல் சேர்ந்து அதனை அடைக்கும். ஒரே கரை ஓராண்டிலேயே இரு தோற்றம் கொள்வதுண்டு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இப்பகுதித் தென்னஞ்சோலைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியையும், டச்பார், கல்லடிக் கரைகளையும் வாரிச் சென்றது. வீடுகளோடு குடும்பப் படங்களும் போயின. அக்கரையில் பிறந்த ஒருவருக்குத் தம் ஊரின் பழைய தோற்றமாக எஞ்சியிருப்பது, எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும் அஞ்சலட்டையாகவே இருக்கலாம். அதன்மேல் வேறோர் ஊரின் பெயர் நிலைத்துவிட்டால், அந்த ஊர் இரண்டாம் முறையும் அழிந்ததாகும்.

ஆதலின், அத்தகைய அட்டை உங்களிடம் இருக்குமாயின், ஊரிலுள்ள முதியோரிடம் காட்டுங்கள். அவர்கள் கூறும் இடப்பெயரையும், கூறியவர் யார் என்பதையும், கேட்ட நாளையும் தனித்தாளில் குறித்து அதனுடன் வையுங்கள். ஐயம் தீராதவிடத்து ஐயம் என்றே எழுதுங்கள். பின்வருவோர் அதனைத் தீர்ப்பர்.