அம்மைப்பாலும் படைக்கட்டளையும்

குச்சவெளியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் வழி, இறக்கக்கண்டியையும் நிலாவெளியையும் உப்புவெளியையும் கடந்து, ஏறக்குறைய 20 மைல் தூரத்தில் திருகோணமலையை அடைகின்றது. அவ்வூர்த் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர் அதன் ஆழத்தையும், அதன்பொருட்டு ஐரோப்பிய வல்லரசுகள் நிகழ்த்திய போர்களையுமே பெரிதும் எடுத்துரைப்பர். ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றினர். பீரங்கிகள் வந்திறங்கிய அதே துறையில், ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், உள்ளங்கையில் அடங்கத்தக்க வேறொரு பொருள் வந்திறங்கியது. அதுவே பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால்.

பெரியம்மை அந்நாளில் ஊர்களையே வெறுமையாக்கிய கொடிய நோய். அது கண்ட வீட்டைச் சுற்றத்தாரும் நெருங்க அஞ்சினர். தேசாதிபதி நோர்த் அவர்களின் ஆட்சியில், 1800ஆம் ஆண்டளவில், அம்மை வைத்தியசாலைகள் நிறுவப்பட்டன. நோயாளியின் கொப்புளச் சீழையே எடுத்துப் பிறர் உடம்பில் ஏற்றும் பழைய முறை அங்கே கையாளப்பட்டது. அம்முறை பலரைக் காத்ததெனினும், சிலரைக் கொன்றது. நோயைப் பிறருக்குப் பரப்பவுஞ் செய்தது.

இங்கிலாந்தில் எட்வேர்ட் ஜென்னர் என்பார் பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்பதை 1796இல் சோதித்து, 1798இல் நூலாக வெளியிட்டார். அப்பால் கீழ்த்திசையை அடைந்த வரலாறு வியக்கத்தக்கது. நெடுங்கடற் பயணத்தில் அதன் வீரியம் கெட்டுப்போயிற்று. எனவே வியன்னா நகரிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாக அது அனுப்பப்பட்டது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாக அது குத்தப்பட்டது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஏற்றியே அப்பால் உயிரோடு காக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது பம்பாயிலிருந்து திருகோணமலையை அடைந்து, பின்னர் இலங்கையின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. அப்பணியை நடத்திய தோமஸ் கிறிஸ்டி என்னும் வைத்தியர் இராணுவ வைத்தியசாலைகளின் மேற்பார்வையாளர். பெரியம்மை இலங்கையில் விளைத்த அழிவைப் பற்றி 1811இல் அவர் நூலொன்றும் வெளியிட்டார். ஆகவே இந்நாட்டில் அம்மைப்பால் படையின் வாயில் வழியாகவே நுழைந்தது எனலாம்.

இஃது எதிர்பாராது நேர்ந்ததன்று. பாசறையில் ஆயிரம் பேர் ஒரு கூரையின் கீழ் உறங்குகின்றனர். ஒரே நீரைப் பருகுகின்றனர். ஒருவனைப் பற்றிய நோய் ஒரு பட்டாளத்தையே பற்றிவிடும். பகைவன் வாளைக் காட்டிலும் நோயே மிகுதியான வீரரைக் கொன்றது என்பது பழைய போர்கள் பலவற்றின் உண்மை. அமெரிக்க விடுதலைப் போரில் ஜோர்ஜ் வாஷிங்டன் 1777இல் தம் படையினர்க்கெல்லாம் பழைய முறையில் அம்மை குத்துமாறு பணித்தார். பிரஷ்யா 1834 முதல் படையிற் சேர்வோர் அனைவர்க்கும் அம்மைப்பாலைக் கட்டாயமாக்கிற்று. 1870-71இல் பிரெஞ்சு நாட்டோடு மூண்ட போரிலே அதன் பயன் வெளிப்பட்டது. இரு படைகளும் ஒரே நிலத்தில் நின்றன. பிரஷ்யப் படையில் பெரியம்மைக்குப் பலியானோர் சில நூற்றுவரே. பிரெஞ்சுப் படையிலோ பல்லாயிரவர்.

எனினும், சிப்பாயின் உடம்பு முழுவதும் அரசுக்குரியதோ என்னும் வினா எழாமற் போகவில்லை. 1806இல் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த கிளர்ச்சி இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கே பிணக்குக்குக் காரணமாயிருந்தது மருந்தன்று. புதிய தலைப்பாகையும், தாடியையும் நெற்றிக் குறியையும் பற்றிய கட்டளைகளுமே. ஆயினும் வீரனின் மேனியைத் தீண்டும் ஆணையை அவன் உள்ளத்தைத் தீண்டாமல் நிறைவேற்ற முடியாது என்பதை அது உணர்த்திற்று. இங்கிலாந்திலும் 1853இல் குழந்தைகளுக்கு அம்மைப்பால் கட்டாயமாக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. முடிவில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின்படி மறுக்கும் பெற்றோர்க்கு விலக்களித்தது.

அம்மறுப்பின் நிழல் படையிலும் வீழ்ந்தது. ஆம்ரோத் ரைட் என்பார் ஆக்கிய நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி, 1899இல் தொடங்கிய போயர் யுத்தத்துக்குச் சென்ற வீரர்க்கு விருப்பத்தின்பேரில் மட்டுமே அளிக்கப்பட்டது. மிகச் சிலரே ஏற்றனர். அந்நோய் 57,000க்கு மேற்பட்ட பிரித்தானிய வீரரைப் பற்றி, 8,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. முதலாம் உலகப் போரிலும் பிரித்தானியப் படையில் அவ்வூசி சட்டப்படி கட்டாயமன்று. ஆயினும் அதிகாரிகளும் வைத்தியர்களும் எடுத்துரைத்தமையால் மிகப் பெரும்பாலோர் ஏற்றனர். பன்மடங்கு பெரிய அப்படையில் நோயுற்றோர் சுமார் 20,000 பேர். இறந்தோர் 1,200ஐ எட்டவில்லை. நன்னீரும் துப்புரவும் அதற்குத் துணைநின்றன என்பதையும் மறத்தலாகாது. அமெரிக்கப் படையோ 1911இலேயே அவ்வூசியைக் கட்டாயமாக்கியிருந்தது.

கட்டளையிடுவோரும் தவறுவதுண்டு. 1942இல் அமெரிக்க வீரர்க்குக் குத்தப்பட்ட மஞ்சட்காய்ச்சல் ஊசி மருந்தில் மனித இரத்தநீர் கலந்திருந்தது. அதன் வழியாக ஈரல் அழற்சிக் கிருமி பரவி, ஏறத்தாழ 50,000 பேர் செங்கண்மாரியால் வருந்தினர். மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. ஆதலின் வீரனின் ஐயம் அனைத்தையும் அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

கொவிட் பெருந்தொற்று இப்பழைய வழக்கை மீண்டும் மன்றுக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் 2021 ஜனவரி 29ஆம் நாள் தடுப்பூசி தொடங்கியபோது, சுகாதாரப் பணியாளரோடு படையினரும் முன்வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் இந்தியாவின் ஜாம்நகரிலே விமானப்படைக் கோப்ரல் ஒருவர் ஊசியை மறுத்தார். அவரைப் பணியினின்று ஏன் நீக்கலாகாது என்று விளக்கம் கேட்கப்பட்டது. குடிமக்களுக்கு ஊசி விருப்பத்துக்குரியது என்று அரசே கூறியிருக்க, தமக்கு மட்டும் கட்டாயமாவது எங்ஙனம் என்று அவர் குஜராத் உயர் நீதிமன்றத்தை நாடினார். படையினர்க்கு அது பணியின் நிபந்தனை என்றும், நாடெங்கும் மறுத்தோர் ஒன்பதின்மரே என்றும், விளக்கந் தராத ஒருவர் நீக்கப்பட்டார் என்றும் அரசு தரப்பு கூறிற்று. கோப்ரலின் நியாயத்தை மீண்டும் கேட்டு முடிவு செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. 2022 மே 2ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், குடிமகன் எவனையும் ஊசி ஏற்குமாறு வற்புறுத்தலாகாது எனவும், பொதுநலங் கருதி அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் எனவும் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவிலோ 2021 ஆகஸ்டில் பிறந்த கட்டளையை மறுத்தமையால் 8,000க்கு மேற்பட்ட வீரர் படையினின்று நீக்கப்பட்டனர். 2023 ஜனவரியில் அக்கட்டளை மீட்டுக்கொள்ளப்பட்டது. 2025 ஜனவரியில், நீக்கப்பட்டோர் திரும்பிச் சேர வழிசெய்யும் ஆணை பிறந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நின்ற ஒரு கட்டளைக்காகப் பலர் தம் வாழ்நாட்பணியை இழந்தனர். மறுபுறத்தில், அவர்தம் மறுப்பால் தம் உடனுறைவோர்க்கு இடர் நேருமென அஞ்சியோரும் இருந்தனர். இருவர் வருத்தமும் மெய்யே.

இவ்வரலாறு காட்டும் நெறி யாது? பாசறையில் வாழ்பவன் தன்னுயிரை மட்டுமன்றி அயலான் உயிரையும் காவல் செய்கின்றான். அதனால் அவனிடம் குடிமகனிடத்தினும் மிகுதியாக எதிர்பார்ப்பது முறையே. ஆனால் மிகுதியாகக் கேட்கும் அரசு மிகுதியாகக் கடமைப்படுகின்றது. மருந்தின் தூய்மைக்கு அது பொறுப்பேற்றல் வேண்டும். வீரனுக்குக் காரணத்தை விளக்குதல் வேண்டும். மறுத்தவனைத் தண்டிக்குமுன் அவன் சொல்லைக் கேட்டல் வேண்டும்.

1980இல் பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றிக்குக் கட்டளை மட்டும் காரணமன்று. ஊசியை நம்பிக் கையை நீட்டிய கோடிக்கணக்கான எளிய மக்களே காரணம். திருகோணமலையில் 1802இல் வந்திறங்கிய அம்மைப்பாலும் அங்ஙனம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சென்றே இத்தீவெங்கும் பரந்தது.