புல்லட்டின் ஆம்ப்மீட்டர் முள்

புல்லட் ஓட்டியவர்களுக்கு ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன வட்டம் நினைவிருக்கும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். பலர் அதை அழகுக்கு வைத்ததென்றே நினைத்தார்கள். வண்டியின் மின்சாரக் கோளாறு முழுவதையும் சொல்லக்கூடிய கருவி அதுதான்.

கொஞ்சம் பழைய கதை. அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் இஞ்சினுக்குப் பொறி கொடுக்க மேக்னெட்டோ, விளக்குக்கு டைனமோ என்று இரண்டும் தனித்தனி. பாட்டரி செத்தாலும் வண்டி ஓடும், விளக்குதான் எரியாது. 1953இல் டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் வண்டிக்கு ஆல்டர்னேட்டரும் காயில் இக்னிஷனும் வந்தன. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்குப் போயின. கார்பன் பிரஷ் தேய்கிற தொல்லை ஒழிந்தது. ஆனால் அதுவரை விளக்குக்கு மட்டும் பொறுப்பாக இருந்த பாட்டரி, இஞ்சினுக்கும் பொறுப்பாகிவிட்டது.

அதே ஐம்பதுகளில்தான், 1955இல், என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, புல்லட் நம் திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்தது. மின் சாமான்கள் செய்ய 1961இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. இங்கிலாந்தில் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலிப் பெயர். பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் கட்சி. மழையில் நனைந்து துருப்பிடித்த இணைப்புக்கு, சாமான் செய்தவன் என்ன செய்வான்?

6 வோல்ட் காலத்து ஆல்டர்னேட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. மிஞ்சிய கரண்டைக் கட்டுப்படுத்த இன்றுபோல் ரெகுலேட்டர் கிடையாது. பகலில் காயில்களில் ஒரு பகுதி மட்டும் வேலை செய்யும். ஹெட்லைட் போட்டால் அந்த ஸ்விட்சே எல்லாக் காயில்களையும் சேர்த்துவிடும். ஆகவே விளக்கு ஸ்விட்சுக்குள் ஒரு பித்தளைத் துண்டு தேய்ந்தாலும் பாட்டரி இறங்கும். பாவம், பழி மட்டும் பாட்டரி மேல்.

இன்னொன்று பாசிட்டிவ் எர்த். ஆங்கிலேய வண்டிகளில் பாட்டரியின் பிளஸ் முனைதான் சேஸில் இணைந்திருக்கும். பழகாத மெக்கானிக் மாற்றிக் கொடுத்தால் ரெக்டிபையர் அந்த நிமிஷமே போய்விடும்.

இப்போது முள்ளுக்கு வருவோம். இஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்தினால் பாயின்ட் திறக்கிற இடத்தில் பூஜ்யத்துக்கு வரும். அங்கே டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு ஓர் உதை. புல்லட் கிளப்பத் தெரிந்தவன் காலை நம்பவில்லை, முள்ளைத்தான் நம்பினான்.

ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் முள் மைனஸிலேயே நின்றால் சார்ஜ் இல்லை. சாவியை எடுத்த பிறகும் மைனஸ் காட்டினால் ரெக்டிபையர் வழியாகவோ, தோல் உரிந்த ஒயர் வழியாகவோ கசிவு. எப்போதும் பிளஸ் கோடிக்கே போய் நின்று, பாட்டரித் தண்ணீரும் சீக்கிரம் வற்றினால் சார்ஜ் அதிகம்.

எங்கள் தெருவில் ஒருவர் ஒரே வருஷத்தில் மூன்று பாட்டரி வாங்கினார். அன்றைய சம்பளத்தில் அது லேசான செலவு இல்லை. மனைவியிடம் மூன்றாவதைச் சொல்லவே இல்லை. ஹெட்லைட் பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆனது. ரேஸ் கொடுத்தாலும் முள் இரண்டு பக்கமும் போகாமல் பூஜ்யத்திலேயே கிடந்தது. சார்ஜ் சரியாக இருப்பதால்தான் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னாராம். பாட்டரிக்குள் கரண்டு போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பாட்டரி தாங்கிக்கொள்ளாததால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் முழுவதும் பல்பின் தலையில் இறங்கியது. சீட்டுக்கு அடியில் எர்த் ஒயர் போல்ட்டில் பச்சையும் துருவும். உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதோடு சரி. மூன்று பாட்டரியில் இரண்டைச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம், நன்றாகவே இருந்தன.

இன்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் அந்த முள் இல்லை. பேரன் வண்டி ‘ஸ்டார்ட் ஆகலை தாத்தா’ என்றால், புது பாட்டரிக்குக் காசு எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் பாட்டரி நிறைவாக இருந்தால், இஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 அளவில் காட்டும். கிளம்பவைத்து ரேஸ் கொடுத்தால் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் சீட்டைக் கழற்றி எர்த் போல்ட்டைப் பாருங்கள்.