மழைநாளின் கணக்கு: சாத்தாங்காட்டுக் கழிவுநீரும் இரு துறைகளின் எல்லையும்

வடசென்னையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் பாதாளச் சாக்கடை மூடிகளைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவுக்கு வருகிறது. அடைப்பு என்று புகார் பதிவாகிறது. அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வருகிறது. மழை விட்டு நீர் வடிந்ததும் புகார் தீர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அடைப்பு இந்த வழிதலுக்கு ஒரு பகுதிக் காரணமே. கழிவுநீருக்கென்று போட்ட குழாயில் மழைநீர் புகுவதே முதன்மைக் காரணம் என்பதும், சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூரின் கழிவுநீர், உந்து நிலையங்கள் வழியே சாத்தாங்காட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்கிறது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 3.1 கோடி லிட்டர். நிலம் ஏறத்தாழத் தட்டையானது. பக்கிங்காம் கால்வாய் கடற்கரைக்கு இணையாக ஓடுவதால் அதற்கும் சரிவு மிகக் குறைவு. மழைக்காலத்தில் கடல் ஏறி நிற்க, எண்ணூர் முகத்துவாரமும் தூர்ந்திருந்தால், கால்வாய் நீருக்குப் போக்கிடம் கிடையாது. கார்கில் நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகளில் நீர் தேங்குவதற்கு மழையின் அளவோடு இந்த நில அமைப்பும் காரணம்.

லண்டனிலும் சிகாகோவிலும் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும்படி பழைய வலையமைப்பு கட்டப்பட்டது. அங்கே வழிதல் அமைப்பிலேயே உள்ளது. ஆகவேதான் லண்டன் 25 கிலோமீட்டர் நீளத்தில் தேம்ஸ் நதிக்கடியில் சுரங்கம் தோண்டியது. நம்முடையது கோட்பாட்டளவில் பிரிந்த அமைப்பு. பாதாளச் சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேடும் நிலத்தடி நீர்க் கசிவுக்குச் சிறிய ஒதுக்கீடு தருகிறதே தவிர, கூரைநீருக்கும் தெருநீருக்கும் குழாயில் இடம் ஒதுக்கவில்லை. இந்தப் பிரிவினை வரைபடத்தில் இருக்கிறது; தெருவில் இல்லை.

மழைநீர் மூன்று வழிகளில் சாக்கடைக்குள் இறங்குகிறது. முதலாவது, வீட்டு மாடியிலிருந்து இறங்கும் நாலு அங்குல பிவிசி குழாய். மழைநீர்த் தொட்டிக்கோ வடிகாலுக்கோ போகவேண்டிய அது, கொத்தனாருக்கு வேலை மிச்சம் என்பதால் வாசலில் உள்ள கழிவுநீர் சேம்பரிலேயே செருகப்பட்டிருக்கும். சிமெண்ட் பூசி மூடிய பிறகு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. இரண்டாவது, தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது மக்களே மூடியைக் கிளப்பிவிடுவது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் நிலையில் இருப்பவரை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை; அவருக்கு வேறு வடிகால் தரப்படவில்லை. மூன்றாவது, விரிசல் கண்ட குழாய் இணைப்புகள், தொட்டிச் சுவர்கள் வழியே நிலத்தடி நீர் ஊறி வருவது. கடலோரத்தில் நீர்மட்டம் மேலே இருப்பதால், மழை நின்று பல நாள் ஆன பின்பும் இது தொடரும்.

இம்மூன்றில் கூரைநீரின் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 4,650 லிட்டர். நான்கு பேர் வசிக்கும் வீட்டில், ஆளுக்கு 135 லிட்டர் வழங்கலில் எண்பது விழுக்காடு கழிவாகிறது என்ற வழக்கமான கணக்கின்படி, ஒரு நாள் கழிவுநீர் 432 லிட்டர். அதாவது ஒரு பொழுது மழை, அந்த வீட்டின் பத்து நாள் கழிவுநீருக்கும் மேலானதை ஒரே மூச்சில் குழாயில் தள்ளுகிறது.

இதை நிலையத்தின் அளவோடு பொருத்துவோம். நாளொன்றுக்கு 3.1 கோடி லிட்டர் என்றால் சராசரியாக நொடிக்கு 359 லிட்டர். 50,000 முதல் 7.5 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள பகுதிக்குக் கையேடு தரும் உச்சப் பெருக்கம் 2.25 மடங்கு, நொடிக்குச் சுமார் 807 லிட்டர். நிலையத்தின் பம்புகளும் குழாய்களும் அந்த உச்சத்தைத் தாங்கும் என்றே கொள்வோம். சராசரி ஓட்டத்தின்மேல் எஞ்சும் இடம் நொடிக்கு 448 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் இந்த இடத்தை நிரப்ப ஆறரை ஹெக்டேர் கூரை போதும். ஆயிரம் சதுர அடி வீடுகளாகச் சொன்னால் சுமார் 700 வீடுகள். ஏறத்தாழ 2.87 லட்சம் பேரின் கழிவுநீரை ஏற்கும் கொள்ளளவுள்ள நிலையத்தை 700 மாடிக் குழாய்கள் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டுக் கழிவுநீரே உச்சத்தில் இருக்கும் காலை எட்டு மணிக்கு மழை பிடித்தால் அத்தனை வீடுகள்கூட வேண்டியதில்லை.

எனவே கொள்ளளவைக் கூட்டு என்ற கோரிக்கை, மக்கள்தொகை வளர்ச்சிக்குப் பதிலாகலாம், மழைக்குப் பதிலாகாது. இரு மடங்கு நிலையம் கட்டினாலும் இன்னும் கூடுதலான மாடிக் குழாய்கள் அதையும் விழுங்கும். உயிரியல் முறையில் இயங்கும் தொட்டிகளுக்கு உணவு சீராக வரவேண்டும். சில வார மழைக்காகக் கட்டிய தொட்டிகள் ஆண்டின் மற்ற மாதங்களில் பட்டினி கிடக்கும். மின்கட்டணம் மட்டும் ஓடும்.

மழைநீர் கலந்தால் கழிவு நீர்த்துப்போகும், கேடு குறையும் என்றொரு வாதமும் பொறியாளர்களிடையே உண்டு. முதல் பெருக்கின்போது இது பொருந்தாது. கோடையில் மெதுவாக ஓடிய குழாய்களின் அடியில் மாதக்கணக்கில் படிந்த வண்டலை அந்தப் பெருக்குத்தான் வாரிக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு மாசின் செறிவு குறையலாம். ஆனால் நோய்க்கிருமிகள் பரவும் பரப்பு விரிகிறது. அந்த நீர் சேருமிடம் எண்ணூர்க் கழிமுகம். அங்கே இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே அதே கழிமுகத்தில் படிந்து, படகையும் வலையையும் பாழாக்கியது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. கழிவுநீர் வழிதலுக்கு அப்படி நிறம் கிடையாது.

நிலையத்திற்குள் நேரும் கேடு இன்னும் நீடித்தது. செயல்படு சேறு முறையில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரள் இரண்டாம் படிவுத் தொட்டியில் அடியில் தங்கி, மீண்டும் காற்றூட்டத் தொட்டிக்குத் திரும்பவேண்டும். வரத்து மிகும்போது சேற்றுப் படலம் மேலெழுந்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியேறிவிடும். திரளை மீண்டும் வளர்த்தெடுக்க நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். மழை முடிந்த பிறகும் அரைகுறை நீரே வெளியேறும் என்பது இதன் பொருள். வடசென்னையின் மற்றொரு நிலையமான கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீர் மூன்றாம் நிலை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கப்பட்டு மணலி, எண்ணூர், மீஞ்சூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. இத்தகைய இடத்தில் இரண்டாம் நிலையில் சேறு தப்பினால் அடுத்துள்ள சவ்வுகள்தான் அடைபடும். ஆகவே இது தொழில்துறையும் கவலைப்படவேண்டிய சங்கதி.

இதைத் தவிர்க்கச் செயல்முறைகள் உண்டு. பெருக்கு வருமுன் காற்றூட்டத் தொட்டியின் தலைப்பகுதியில் சேற்றை ஒதுக்கிவைத்து, கழிவுநீரைப் பின்பகுதியில் பிரித்து விடலாம். முதல் பெருக்கைச் சமன் தொட்டியில் பிடித்து, இரவில் சிறுகச் சிறுக ஏற்றலாம். கடைசி வழியாக, மிகுதியை முதல்நிலைப் படிவும் குளோரினும் மட்டும் கொடுத்து வெளியேற்றலாம். இந்தக் கடைசி வழி அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போனது. 2013-இல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் கட்டுப்பாடுகளை ரத்துசெய்தது. எது சரி என்று அங்கே வெளிப்படையாக வாதாட முடிந்தது. 2017-இல் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை பெருநகர நிலையங்களுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வரையறுத்தது. மழைநாளில் என்ன செய்வது என்று அது பேசவில்லை. எட்ட முடியாத நாளிலும் அதே அளவைக் கேட்டால், வழிதலைப் பதிவேட்டில் எழுதாமல் விடும் தூண்டுதலே மிஞ்சும்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனுதவியோடு கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகால்கள் கட்டப்படுகின்றன. தெருவில் நீர் நிற்காவிட்டால் மூடியைக் கிளப்பும் தேவை குறையும் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் வடிகால் போட்ட தெருவிலேயே மாடிக் குழாய் பழைய சேம்பருக்குள் இறங்கிக்கொண்டிருந்தால் பயன் பாதிதான். இணைப்பை மாற்றுவது யார் வேலை? வாரியத்தின் பணிமனை ஆட்களுக்கு வடிகாலில் கைவைக்க உரிமையில்லை. மாநகராட்சிப் பொறியாளருக்குச் சேம்பரைத் திறக்க உரிமையில்லை. இந்த எல்லைக்கோட்டில்தான் மாடிக் குழாய்களின் மழைநீரும் நிற்கிறது.

புதிய நிதி பெரிதாகத் தேவைப்படாத மூன்று வேலைகள் உடனே தொடங்கத்தக்கவை. ஒவ்வோர் உந்து நிலையத்திலும் மழைநாள் வரத்தை மணிவாரியாக அளந்து, வறண்ட நாளோடு ஒப்பிட்டு, மிகுதி எந்தத் தெருக்களிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். அந்தத் தெருக்களில் சாக்கடைக்குள் புகை செலுத்திப் பார்க்கும் புகைச் சோதனை செய்து, மாடிக் குழாய்களை அபராதமின்றி, வாரியமும் மாநகராட்சியும் சேர்ந்து, அரசுச் செலவில் வடிகாலுக்கு மாற்றித்தரவேண்டும். வழிதல் ஒவ்வொன்றையும் இடம், நேரம், அளவோடு பொதுப் பதிவேட்டில் வெளியிடவேண்டும். இவற்றைச் செய்யாமல் சாத்தாங்காட்டில் அடுத்த விரிவாக்கத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது பொதுப்பணத்தை மழைநீரில் கரைப்பதாகும். வாரியமும் மாநகராட்சியும் வரும் அக்டோபருக்கு முன் ஒரே ஓர் உந்து நிலையப் பகுதியிலாவது இதைத் தொடங்கி, கிடைக்கும் அளவீடுகளை ஆய்வாளர்கள் முன் வைக்கவேண்டும்.